ரெக்கார்டின் பின்பாதி

உலை கொதித்து அரிசியைப் போட்ட பிறகுதான் ரெக்கார்டில் முள்ளை வைப்பேன். பாடுகிறவர் பாடி ஓய்வதற்குள் மறுகொதி வந்துவிடும். அதற்குப் பிறகு பாட்டு கிடையாது. டிரம்மும், அதற்கு அடியில் உறுமுகிற ஒரு கிட்டாரும் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அதுவும் முடியும்போது ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரியும். அடுப்பைத் தணித்துவிட்டு முள்ளைத் தூக்கப் போவேன். 1987லிருந்து 1991 ஆடி மாதம் வரைக்கும் எங்கள் வீட்டில் மத்தியானச் சோறு இப்படித்தான் வெந்தது. சுவரில் கடிகாரம் இருந்தது. அதை நான் பார்த்ததில்லை.

அந்த ரெக்கார்டு என் தம்பி கொடுத்தது. அவன் கப்பலில் என்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலை பார்த்தான். கூட வேலை செய்த ஜமைக்காக்காரர் ஒருவர் கப்பலை விட்டு இறங்கிப் போகும்போது, என் ஞாபகமாக வைத்துக்கொள் என்று அதைக் கொடுத்திருக்கிறார். கப்பலில் அதைப் போட்டுக் கேட்க மெஷின் இல்லை. தம்பி கல்யாணமாகி பம்பாயில் ஒரே அறையில் குடியிருந்தான். அங்கேயும் மெஷின் இல்லை. ஒருமுறை ஊருக்கு வந்தவன் அதை என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிரு அக்கா. ஒருநாளு போட்டுக் கேக்கலாம்" என்றான். சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே ஒரு மைல் நடந்தால் எங்கள் வீடு. எங்களிடமும் மெஷின் இல்லை. அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே அதை நிற்க வைத்தேன்.

சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. சினிமாப் பாட்டு ரெக்கார்டு அந்த அளவில் இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பாட்டு இருக்கும். இதில் பக்கத்துக்கு ஒரே பாட்டு. ரெகே என்று அந்தத் தீவுக்காரர்களின் பாட்டாம். ஒரு பாட்டுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று கேட்டதற்கு, "பாட்டு முடிஞ்சதும் பாட்ற ஆளு ஒதுங்கிக்குவான். மீதிக்கு மோளம் மட்டும் அடிச்சிகினே இருக்கும். டான்ஸ் ஆட்றதுக்காக நீட்டி வெச்சிருப்பாங்க. எக்ஸ்டெண்டட் மிக்ஸ்னு பேரு" என்றான் தம்பி. அவனும் அதைக் கேட்டதில்லை. அந்த ஜமைக்காக்காரர் சொன்னதைச் சொன்னான்.

மெஷின் வந்தது ரேடியோ செட்டுக்காரரால். கோவில் கூழ் ஊற்றுவதற்கும், காதுகுத்துக்கும், சாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர் அவர். கேசட்டுக்கு மாறிவிட்டார். பழைய ரெக்கார்டு பிளேயர், ஆம்பிளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர் எல்லாம் அவர் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஆடித் திருவிழாவில் அவருடைய ஆட்களுக்கு மூன்று நாள் நான் பொங்கிப் போட்டிருந்தேன். அந்த மரியாதைக்கு ஒரு மாட்டு வண்டியில் போட்டு அவரே கொண்டுவந்து இறக்கினார்.

"தங்கச்சி, இதுல மூணு ஸ்பீடு கீது. சின்ன ரெக்கார்டுக்கு நாப்பத்தஞ்சி. பெரிய ரெக்கார்டுக்கு முப்பத்திமூணு. பழைய கல்லு ரெக்கார்டுக்கு எழுவத்தெட்டு. உங்கிட்ட கீறது பெருசு. முப்பத்திமூணுல வெச்சி டேப்பு சுத்திட்றேன். நீ கைய வெச்சி நோண்டாத."

"சரிண்ணே."

கறுப்பு டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றி அந்தக் குமிழை அசையாமல் செய்தார். பிறகு பாட்டைப் போட்டார். கிணற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஒவ்வொரு சொல்லாக மேலே தூக்கிக் கொடுப்பது போல இருந்தது. பாதி கேட்பதற்குள் ரேடியோ செட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா தங்கச்சி, இந்த ஆளு பாடையிலேர்ந்து எழுந்து வந்தவன் மாதிரி பாட்றான்."

"அவங்க ஊர்ல அப்படித்தான் போலண்ணே."

"கப்பல்ல போறவனுக்கு தூக்கம் வர்றதுக்கு போட்டிருப்பாங்க."

முப்பது வருஷம் ரெக்கார்டு போட்ட மனிதர். அவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவர் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி போட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. அவசரமே இல்லாத குரல். நான் ஐந்தாவது வரை படித்தேன். அந்த ஐந்து வருஷத்தில் ஆஜர் எடுக்கும்போது ஒருநாளும் வாயைத் திறந்து பதில் சொன்னதில்லை. வாத்தியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொள்வார். என் அம்மா வீட்டில், "இவ பேசினாலும் ஒண்ணுதான், பேசாங்காட்டியும் ஒண்ணுதான்" என்பார்கள். அவ்வளவு சின்னக் குரல் எனக்கு.

அதைச் சரியாகக் கேட்டவர் ஒருவர்தான். என் வீட்டுக்காரர்.

அவர் நெடுஞ்சாலை ஓரம் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினார். ஷிஃப்டு முடிந்து வந்தவுடன் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொள்வார். "நாளெல்லாம் மெஷின் அடிச்சிகினு கீறவனுக்கு உன் கொரலு போதும் மே" என்பார். மே என்றுதான் என்னைக் கூப்பிடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் கேட்பார், நான் பேசுவேன். ஊரில் யாருக்கும் தெரியாது நான் அவ்வளவு பேசுவேன் என்று.

முதலில் இடது காது போனது. பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். பிறகு வலது காது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நரம்பு செத்துவிட்டது, காதில் மெஷின் வைத்தாலும் கேட்காது என்றார்கள். கம்பெனியில் பிரஸ்ஸிலிருந்து எடுத்து கேட்டில் காவலுக்கு நிற்க வைத்தார்கள். ஒருநாள் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது அவருக்குத் தெரியவில்லை. ஒன்றும் ஆகவில்லை, டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். ஆனாலும் மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒருநாள், "சக்கர கம்மியா ஒரு டீ" என்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று தெரியாது. கடையே திரும்பிப் பார்த்திருக்கிறது. "இன்னா பெருசு, மைக்க முழுங்கிட்டியா?" என்று ஒருத்தன் கேட்டானாம். அங்கே சோடா வாங்க நின்றிருந்த அடுத்த வீட்டு அக்கா சொல்லி நான் தெரிந்துகொண்டேன். இவருக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. எல்லார் பல்லும் தெரிந்தது. டீயைக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தவர் அன்றோடு வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமானால் சொம்பைக் காட்டுவார். கையைக் காலைக் காட்டி நானும் பதில் சொல்வேன். எழுதிக் காட்டியிருக்கலாம். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியும். எழுதிக் காட்டுகிற அளவுக்கு என்ன பேச்சு எங்களுடையது. புளி தீர்ந்தது, பூனை வந்தது, மழை வரும் போல இருக்கிறது, இவ்வளவுதானே.

ஒருநாள் மத்தியானம் நான் எனக்காகப் பாட்டைப் போட்டுவிட்டு அடுப்பண்டை இருந்தேன். அவர் ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பாடுகிறவர் ஓய்ந்து வெறும் அடி தொடங்கியதும் திரும்பிப் பார்த்து, "யாரு கதவ தட்றது?" என்றார்.

எட்டு மாதம் கழித்து வந்த முதல் பேச்சு. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைக் காட்டினேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கன்னத்தை வைத்தார். தாடையை மரத்தில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள யாரோ நடக்கறாங்க மே" என்றார். "மெதுவா. நம்ம வயசு ஆளு."

அந்தக் குரல்தான் எனக்கு ஆச்சரியம். டீக்கடைக் குரல் அல்ல. பழைய குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். மரத்தில் தாடை இருந்ததால் தான் பேசுவதும் அவருக்கு அதிர்வாகத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு சத்தம் என்று அவரால் அளக்க முடிந்தது. பின்பாதி முடிந்து பெட்டி அமைதியானதும் அவரும் நிறுத்திக்கொண்டார். அடி இல்லாத வெறும் பெட்டியில் கன்னத்தை வைத்து ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். நானும் ஒருமுறை சைகையில் கேட்டேன். "யாரும் இல்லாத வூட்ல தனியா பேசிகினு கீற மாதிரி கீது" என்றார்.

அப்படியாக எனக்கு ஒருநாளைக்கு ஒரு பின்பாதி அளவுக்குப் புருஷன் கிடைத்தார். சோறு மறுகொதி வந்ததிலிருந்து முக்கால் வேக்காடு வரைக்கும். "நடக்கறவன் வந்துட்டானா?" என்று பெட்டியண்டை வந்து உட்காருவார். ஒருநாள், "நேத்து கனவுல மெஷின் சத்தம் கேட்டுச்சி. கனவுல காது கேக்குது மே" என்றார். ஒருநாள், "இந்த ஆளு எங்கதான் போறான், தெனம் இதே வழியில?" என்று கேட்டுவிட்டு அவரே, "ஷிஃப்டுக்குத்தான்" என்றார். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். அவருக்குக் கேட்காது என்று தெரியும். கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொள்வார். பழக்கம்.

அடுத்த வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை விடமாட்டாள். "கப்பல்காரன் அக்கா, தெனம் பன்னெண்டு மணிக்கு உங்க வூட்ல பேய்க்கு பூச போட்றியா? எங்க மாடு பால் கறக்க மாட்டேங்குது."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே வந்துவிடுவேன்.

ஒரே பக்கத்தைத் தினம் போட்டால் ரெக்கார்டு தேயாமல் என்ன செய்யும். மூன்றாவது வருஷம் மண்ணை வறுக்கிற சத்தம் வந்தது. அவருக்கு அது தெரியவில்லை. பிறகு பின்பாதியில் ஓர் இடத்தில் முள் எகிறிக் குதித்தது. அது தெரிந்தது. "இங்க தடுக்கி வுழறான்" என்றார். அந்த இடம் வரும்போது அவர் விரல்கள் பெட்டியின் மேல் இறுகிக்கொள்ளும். அதற்கும் பிறகு முள் அங்கேயே நின்று சுற்ற ஆரம்பித்தது. நான் எழுந்துபோய் விரல் நுனியால் தள்ளிவிட வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பாட்டு இருக்கிற இடம் சொரசொரப்பாகவும் பின்பாதி வழவழப்பாகவும் இருந்த ரெக்கார்டு முழுக்க ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது.

தம்பிக்கு இன்லேண்டு லெட்டர் எழுதினேன். இதே போல இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவன் எழுதினான்: இப்போதெல்லாம் ரெக்கார்டு நின்றுவிட்டது அக்கா, எல்லாம் சி.டி. ஆகிவிட்டது, கையளவுதான் இருக்கும், முள் கிடையாது, ஆயுசுக்கும் தேயாது, இந்தப் பாட்டையே ஒரு துறைமுகக் கடையில் பார்த்தேன், அடுத்த முறை வாங்கி வருகிறேன். கடிதத்தை அவரிடம் காட்டினேன். மூன்று முறை படித்தார். பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "தேயாதா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "ஆயுசுக்குமா?" என்றார்.

1991 ஆடியில் தம்பி வந்தான். அந்த வருஷம் கோடையில் ஸ்ரீபெரும்புதூர் பெயர் கெட்ட சேதியாக எல்லா ஊர்ப் பேப்பரிலும் வந்திருந்தது. "எங்க ஊருக்குப் பக்கம்னு சொன்னா கப்பல்ல இப்ப எல்லாருக்கும் தெரியுதுக்கா" என்றான். கைப்பிடி வைத்த ஒரு செட்டை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்து, பளபளவென்று ஒரு வட்டத்தை உள்ளே போட்டான். என் வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். பழக்கம் விடாமல் நான் அப்போதுதான் அரிசியைப் போட்டேன்.

பாட்டு வந்தது. இருபது வயசுப் பையன் ஒருவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே பாடுகிற மாதிரி இருந்தது. வேறு பாட்டை மாற்றி வாங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். வாத்தியம் மட்டும் எங்கேயோ கேட்ட முகம் போலத் தெரிந்தது. அவர் அந்தச் செட்டின் பிளாஸ்டிக் மேல் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். என்னைப் பார்த்தார். மறுகொதி வரவில்லை, அதற்குள் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

"மோளம் எங்கடா?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா?"

"பின்னாடி வர்ற மோளம்."

தம்பி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல சின்ன பாட்டுதான் போட்டுகிறாங்க போல. இருவது பாட்டு சேத்து போட்டதால வெட்டிட்டாங்க. சரி, உன் ரெக்கார்ட போடு, எவ்ளோ நீட்டுன்னு பாக்கலாம்."

போட்டேன். பாடுகிறவர் முதல் சொல்லை இழுத்ததுமே தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"அக்கா, இன்னா ஸ்பீடுக்கா இது? பாடின மனுசன் கேட்டா கடல்ல குதிச்சிடுவாரு. நாலு வருசமா இப்படியா கேட்டீங்க? இதோ பாரு, நாப்பத்தஞ்சின்னு போட்டுகீது."

ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தில் விரலை வைத்துக் காட்டினான். அந்த நாற்பத்தைந்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன். எண் எனக்குத் தெரியாதா. கம்பெனிக்காரர்கள் போட்ட வரிசை எண் என்று நினைத்திருந்தேன்.

தம்பி டேப்பைப் பிய்க்க ஆரம்பித்தான். நான் "வேணாண்டா" என்றேன். என் குரலில்தான் சொன்னேன். அவன் காதில் அது விழவில்லை. விழுந்திருக்கக்கூடியவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் கேட்காது. நான் போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். தம்பிதானே. அக்கா கையைப் பிடித்தால் நிறுத்தியிருப்பான். நான் அடுப்பண்டையே நின்றேன். இத்தனை வயசுக்குப் பிறகும் மத்தியானத்தில் சில நாள் அந்த இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

குமிழைத் தள்ளினான். ரெக்கார்டு வேகமாகச் சுற்றியது. சி.டி.யில் கேட்ட அதே பையன், மண் வறுக்கிற சத்தத்துக்கு நடுவே ஓடினான். ரெக்கார்டும் சி.டி.யும் ஒரே ஆள்தான் என்று அப்போது தெரிந்தது. பின்பாதி வந்ததும் அவர் பெட்டியில் கன்னத்தை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"இது யாரு?" என்றார். டீக்கடைக் குரல். தம்பி திடுக்கிட்டுப் போனான்.

நான் தம்பிக்குச் சைகை காட்டினேன், பழையபடி வை என்று. அவன் குமிழை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினான். போகவில்லை. அழுத்தித் தள்ளினான். உள்ளே உலர்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மோட்டார் ஓடுகிறது, தட்டு சுற்றவில்லை.

ரேடியோ செட்டுக்காரர் வந்து கழற்றிப் பார்த்தார். "ரப்பர் சக்கரம் கீது பாரு, நாலு வருசமா ஒரே எடத்துல நின்னு எறுகிப்போயி, இப்ப தூள் தூளா வந்துட்ச்சி. இது இனிமே வர்றதில்ல தங்கச்சி." மூர் மார்க்கெட் பக்கம் போய்த் தேடினார். சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டிப் பார்த்தார். பாடுகிறவர் அழுதுகொண்டே பாடுகிற மாதிரி ஏறி இறங்கியது. என் வீட்டுக்காரர் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "குடிச்சிகீறான்" என்று எழுந்து போனார்.

"நான்தாம்மா தப்பா சொல்லிட்டேன். பெருசுன்னா முப்பத்திமூணுன்னு நெனச்சிட்டேன்" என்றார் ரேடியோ செட்டுக்காரர். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்குரூக்களைப் பொறுக்கியது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நீங்க வெச்ச ஸ்பீடுதாண்ணே நல்லா இருந்துது" என்றேன்.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. பம்பாய்க்குப் போய் அங்கிருந்து கப்பலுக்குப் போய், மார்கழியில் ஒரு பார்சல் அனுப்பினான். இன்னொரு சி.டி. கடையில் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன் அக்கா, இதில் நீட்டுப் பாட்டு அப்படியே இருக்கிறது, ஒரு சொட்டுக்கூட வெட்டவில்லை என்று கடிதம் வைத்திருந்தான். ரேடியோ செட்டுக்காரர் வந்து ஒயர் இழுத்து, புதுச் செட்டைப் பழைய ஆம்பிளிஃபயரில் கொடுத்து, மரப்பெட்டியிலேயே சத்தம் வருகிற மாதிரி செய்து கொடுத்தார்.

நான் உலை வைத்தேன். அவர் பெட்டியண்டை வந்து உட்கார்ந்தார். பாட்டு வந்தது, போனது. பின்பாதி வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், ரெக்கார்டைவிட அது நூறு பங்கு சுத்தம். நாலு வருஷத்தில் நான் கேட்காததெல்லாம் அதில் கேட்டது. தூரத்தில் யாரோ இருமினார்கள். ஒரு சின்ன மணி இரண்டு முறை அடித்தது. ஒருவர் ஏதோ சொல்ல இன்னொருவர் சிரித்தார். எங்கள் ரெக்கார்டில் அந்தச் சிரிப்பு உறுமல் மாதிரிதான் கேட்கும். நான் அதையும் ஒரு வாத்தியம் என்று நினைத்திருந்தேன். தடுக்குகிற இடம் வந்தது. தடுக்கவில்லை, போய்விட்டது. அவர் விரல்கள் மட்டும் பழக்கத்தில் இறுகி, பிறகு தளர்ந்தன.

முடியும்வரை கன்னத்தை எடுக்கவில்லை. பேசவும் இல்லை. நான் முதுகில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அரிசி இன்னும் கடுக்கென்றுதான் இருந்தது.

"நல்லாத்தான் கீது" என்றார் கடைசியில். "ஆனா ஓட்றான் மே. நான் எங்க ஓட்றது?"

மெதுவாக ஓட வைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று ரேடியோ செட்டுக்காரரைக் கேட்டேன். அந்தச் செட்டில் அப்படிக் குமிழே இல்லை. நிறுத்தலாம், ஓட விடலாம், அவ்வளவுதான். "இது தப்பே பண்ணாது தங்கச்சி. அதான் இதுல வெசயம்" என்றார்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டு, அவர் கையைப் பிடித்துப் பெட்டியண்டை உட்கார வைத்து, நானே உள்ளங்கையால் பெட்டியின் மறுபக்கத்தில் அடித்தேன். நாலு வருஷம் கேட்ட அடி, மறக்குமா. எங்கே அழுத்தம், எங்கே ஒன்றை விட்டு அடுத்தது, எல்லாம் தெரியும். அவர் கன்னத்தை வைத்தார். அடுப்பில் மறுகொதி வந்து பொங்கி வழிந்தது, நான் எழுந்து போகவில்லை. தடுக்குகிற இடத்தில் தடுக்கினேன்கூட. அவர் முகத்தில் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அடித்தேன். கை சிவந்து, பிறகு மரத்துவிட்டது. பாதியில் என்னை அறியாமல் வேகம் கூடியிருக்க வேண்டும். அல்லது குறைந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

அவர் கையை நீட்டி என் கைமேல் வைத்து நிறுத்தினார்.

"வுடு மே" என்றார். தாடை மரத்தில்தான் இருந்தது, அந்தப் பழைய குரல்தான். "நீதான் தட்றன்னு தெரியுது. அவன் இல்ல."

அதுதான் அந்தக் குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் இருந்தார். சொம்பைக் காட்டுவார், நான் தண்ணீர் கொடுப்பேன். உடம்பு முடியாமல் படுத்த கடைசி நாட்களில் இரண்டு தடவை என்னவோ கத்திச் சொன்னார். டீக்கடைக் குரல். அடுத்த வீட்டு அக்காவே ஓடி வந்தாள். என்ன சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

ரெக்கார்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் வளைந்து போய்விட்டது. சி.டி. இரண்டும் இன்னும் பளபளவென்று இருக்கின்றன. தம்பி சொன்னது சரி, தேயவில்லை. பெட்டியின் மேல் இப்போது தண்ணீர் கேன் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கமெல்லாம் கம்பெனிகள் வந்துவிட்டன. இராப்பகலாகக் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. பாரம் ஏற்றிய வண்டி போகும்போது கேனில் தண்ணீர் நடுங்கும், பெட்டியும் அதிரும். முதல் சில வருஷம் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். லாரிதான்.